பின்சக்கரத்தை அகட்டுவோம், அவசரப்பட மாட்டோம்

தோட்டத் தோழர்களே! சரிவில் டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநரை மட்டும் குறை சொல்வது நியாயமா? பின்சக்கரங்கள் நெருங்கியிருந்தாலும் வண்டி எளிதில் சாயும்.

1946 முதல் 1956 வரை தயாரான ஃபெர்குசன் டி.இ.20 வண்டியில் அந்த இடைவெளியை 48 அங்குலத்திலிருந்து 76 வரை, நந்நான்கு அங்குலமாக அகட்டலாம். ரிம்மையும் நடுத்தட்டையும் இடம் மாற்றி, திருப்பி மாட்டுவதே வழி.

சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்க. ஜாக்கை மட்டும் நம்பாதீங்க. அச்சுக்கடியில் உறுதியாக முட்டுக் கொடுங்க. டயரின் அம்புக்குறி முன்னோக்கி உருளும் திசையைக் காட்டணும்; மாறிப்போனால் இடது சக்கரத்தை வலப்பக்கம் மாட்டணும். கொஞ்சம் ஓட்டியபின் நட்டுகளை மறுபடியும் முறுக்குங்க.

தண்ணீர் நிரப்பிய டயர் பெருங்கனம். தனியாளாகத் தொடவே கூடாது. மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி முதலாளிக்கும் பொறுப்புண்டு. துணையாளும் கருவியும் கேட்பது சலுகையல்ல, நம் உரிமை!