பேரம் பேசலாம், பொருளை அறிந்து!

இந்தோனேசியாவுக்குப் புறப்படும் நம்மவர்களுக்கு, "சொல்லும் விலையில் பாதியைக் கேள், அதற்கு மேல் தராதே" என்று யாராவது ஒருவர் அறிவுரை சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்தப் பாதிக் கணக்கு எல்லாப் பொருளுக்கும் பொருந்துமா? இன்றைய கலந்துரையாடலில் நாம் பார்க்கப்போவது இதைத்தான்.

யோக்யகார்த்தாவின் பெரிங்ஹார்ஜோ சந்தையிலோ பாலியின் சுக்காவாத்தி சந்தையிலோ கடைக்காரர் முதலில் சொல்லும் விலை, பேச்சைத் தொடங்குவதற்கான விலை. குறைத்துக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தே சொல்கிறார். கேட்டால் கோபப்பட மாட்டார். ஆனால் நீங்கள் கேட்ட விலைக்கு அவர் சம்மதித்த பிறகு, வாங்காமல் நகர்வது முறையன்று. நீங்கள் ஒரு தொகையைச் சொன்னதே வாக்குக் கொடுத்தது போலத்தான். பொழுதுபோக்காக விலை கேட்டுப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காலையில் என்றால் இன்னும் கவனம் தேவை. நாம் முதல் போணி என்பதை அவர்கள் 'பெங்லாரிஸ்' என்கிறார்கள். முதல் விற்பனையில் கிடைத்த பணத்தால் மற்றப் பொருள்களைத் தட்டிவிடும் கடைக்காரப் பெண்களைப் பாலியில் பார்க்கலாம். அன்றைய வியாபாரம் நன்றாக ஓடும் என்பது நம்பிக்கை. அதற்காகவே முதல் வாடிக்கையாளருக்கு விலையை இறக்கிக் கொடுப்பதும் உண்டு.

நமக்கு மலாய் தெரியும் என்ற தைரியமும் சில நேரம் காலை வாரிவிடும். 'பெர்ச்சுமா' என்றால் நமக்கு இலவசம். அங்கே வீண் என்று பொருள். கடைக்காரர் 'செராத்துஸ்' என்றால் நூறு அல்ல, ஒரு லட்சம் ரூப்பியா. ஆயிரத்தை விட்டுவிட்டுச் சொல்வது அவர்கள் வழக்கம். 'ஹர்கா பாஸ்' என்று எழுதிய கடையில் பேரமே கிடையாது. ஜாவாவில் குரலை உயர்த்தினாலோ காரியம் கெட்டது. 'ஈபு', 'மாஸ்' என்று அழைத்துச் சிரித்த முகத்தோடு கேட்பவருக்குத்தான் விலை இறங்கும்.

இனி பாத்தேக் துணிக்கு வருவோம். பாதிக் கணக்கு உண்மையில் தவறிப்போவது இங்கேதான். இயந்திரத்தில் அச்சிட்ட துணியும், செப்பு அச்சால் மெழுகு பதித்த துணியும், கையால் வரைந்த 'பாத்தேக் தூலிஸ்' துணியும் தூரத்திலிருந்து ஒன்றுபோல்தான் தெரியும். துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சிட்டதில் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். கையால் வரைந்ததில் இருபக்கமும் நிறம் ஏறியிருக்கும். கோடுகளும் பூக்களும் ஒன்றுக்கொன்று சிறிது மாறியிருக்கும். சூடான மெழுகை 'சாந்திங்' என்ற சிறு கருவியில் எடுத்து வரைந்து, சாயத்தில் தோய்த்து, மெழுகை நீக்கி, மறுபடி வரைந்து... ஒரு துணிக்கு வாரக்கணக்கில், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். 2009இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது இந்தக் கலையைத்தான்.

அச்சிட்ட துணிக்குத் தாராளமாகப் பேரம் பேசுங்கள். அங்கேயும் பத்தாயிரம் ரூப்பியாவுக்காகக் கால் மணி நேரம் மல்லுக்கட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை; அது சிங்கப்பூர்க் காசில் ஒரு வெள்ளிக்கும் குறைவு. கைவேலைத் துணியில் பாதியைக் கேட்டால் குறைவது வரைந்தவரின் கூலி. எந்த ஊர் வேலை, எத்தனை நாள் ஆயிற்று என்று முதலில் விசாரியுங்கள். யோக்யகார்த்தாவுக்குப் பக்கத்திலேயே இமோகிரி வட்டாரத்தில் இதை வரையும் பெண்கள் இருக்கிறார்கள். நேரில் போய் அவர்களிடமே வாங்கலாம்.