நுண்படியில் நகரும் மோட்டார்

பெங்களூர் மாநகரம் இயந்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1953-ஆம் ஆண்டில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம் இங்கே தோன்றியது. 1962-இல் இயந்திரக் கருவிகளை ஆராய்வதற்கென்றே மத்திய அரசின் நிலையம் ஒன்றும் இங்கு அமைக்கப்பெற்றது. பீனியா முதலிய தொழிற்பேட்டைகளில் நம் தமிழ் மக்கள் பலர் உழைத்து வருகின்றனர்.

அவர்களுள் ஒருவர் சிறிய செதுக்கு இயந்திரம் ஒன்றை இயக்குவதாகக் கொள்வோம். கணிப்பொறித் திரை மில்லிமீட்டரின் ஆயிரத்தொரு பங்கைக்கூடக் கணக்கிட்டுக் காட்டுகிறது. வெட்டியெடுத்த துண்டோ அளவுக்கு ஒத்துவரவில்லை. பழி அவர்மேல் விழுகிறது. உண்மையில் குறை எங்கே உள்ளது?

சுவர்க்கடிகாரத்தின் விநாடி முள்ளை நாம் கண்டிருக்கிறோம். அது ஓடுவதில்லை, விநாடிக்கு ஒரு முறை தாவி நிற்கிறது. உள்ளே இருப்பது ஒருவகை ஸ்டெப்பர் மோட்டாரே. செதுக்கு இயந்திரத்தில் உள்ளதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அதன் சுழலியில் 50 பற்கள் உண்டு. அதனைச் சூழ்ந்து இரண்டு மின்சுருள் தொகுதிகள் உண்டு. சுருள்களில் மின்னோட்டத்தை முறைமாற்றிச் செலுத்தினால், ஒரு சுற்றை 200 படிகளாக அது கடக்கும். ஒரு படி 1.8 பாகை.

படிக்குப் படி குதிப்பதால் அதிர்வு எழுகிறது. சில வேகங்களில் அவ்வதிர்வு பெருகி, மோட்டார் படி தவறுவதும் உண்டு. இதற்கு மாற்றாக வந்ததே மைக்ரோஸ்டெப்பிங் என்னும் நுண்படி முறை. ஒரு சுருளின் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தாமல், அதனைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மற்றதைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம். நடுவழியில் இரண்டிலும் பாதிப் பாதி மின்னோட்டம் போதாது. உச்ச அளவில் நூற்றுக்கு 71 பங்கு இரண்டிலும் இருந்தால்தான் காந்த வலிமை குன்றாது. இவ்வாறு ஒரு படியைப் பதினாறாகப் பகுத்தால், ஒரு சுற்றுக்கு 3,200 நுண்படிகள் கிடைக்கும். ஓசை அடங்கும், ஓட்டம் சீராகும்.

ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுதண்டில், ஒரு நுண்படி ஏறத்தாழ 0.0016 மில்லிமீட்டர் ஆகும். திரையில் தோன்றுவது இந்தக் கணக்கே. மேடை அவ்வளவு துல்லியமாக நகர்ந்தது என்பதற்கு இது சான்றாகாது.

மோட்டாரின் மொத்த வலிமை குறைந்துவிடவில்லை. ஆனால் ஒரே ஒரு நுண்படிக்குக் கட்டளையிட்டால் பிறக்கும் முறுக்குவிசை, அதன் முழுப் பிடிப்பு விசையில் நூற்றுக்கு 10 பங்கேயாம். உராய்வைக் கடக்க 30 பங்கு தேவையெனில், மூன்று கட்டளைகள் வரை தண்டு அசையாது, நான்காவதில்தான் அசையும். திசை மாற்றும்போது இப்பின்னடைவு இரட்டிப்பாகி, 0.01 மில்லிமீட்டர் அளவுக்குப் பிழை நேரும். அன்றியும், இத்தகைய மோட்டார்களில் ஒரு முழுப்படியின் நூற்றுக்கு 5 பங்கு வரை பிழை இருப்பது இயல்பு. நுண்படியின் அளவே 6¼ பங்குதான்!

ஆகவே செய்யத்தக்கது யாது? தண்டுக்கு எண்ணெயிட்டு உராய்வைக் குறைக்கலாம். அளவு முக்கியமான இடத்தை எப்போதும் ஒரே திசையிலிருந்து அணுகலாம். டயல் கேஜ் வைத்து மேடையின் நகர்வை நேரில் அளந்து, திரையின் எண்ணோடு ஒப்பிடலாம். அதனினும் நுட்பம் வேண்டுமெனில், தண்டின் உண்மை நிலையை அறிவிக்கும் என்கோடரைப் பொருத்துவதே வழி.

நுண்படி முறை ஓட்டத்தைச் சீராக்குகிறது. அளவுக்கு அது பொறுப்பேற்பதில்லை. இவ்வேறுபாட்டை அறிந்த தொழிலாளி, டயல் கேஜ் காட்டிய அளவை மேற்பார்வையாளர் முன் வைத்துத் தம்மேல் வந்த பழியை நீக்கிக்கொள்ளலாம், பிழையையும் திருத்தலாம்.