முடிசூடா வீரர்

குத்துச்சண்டையில் தேர்ந்தோர் சிலர் புகழெய்தாமற் போவதேன்? அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்துக் கறுப்பின வீரர் சார்லி பேர்லியை நோக்குவோம். 1940 இல் உலகப் பட்டம் பெற்ற பிரிற்சி சிவிக்கை அதற்கு முன்னரே இருமுறை வென்றவர் அவர். பின்னாளில் பட்டம் பெற்ற ஆர்ச்சி மூரையும் 1944 இல் வென்றார். ஆயினும், உலகப் பட்டத்துக்குப் பொருதும் வாய்ப்பு ஒருமுறையேனும் அவருக்குக் கிட்டவில்லை. நிறத்துவேஷம் ஒரு காரணமே. எனினும் ஜோ லூயி முதலிய கறுப்பினத்தவர் அக்காலத்திலேயே பட்டந் தாங்கினர். பேர்லிக்கு அவருடைய வித்தையே பகையாயிற்று. அடியை நூலிழையில் விலக்கி எதிரியைத் தடுமாறச் செய்யும் நுட்பம் அறிந்தோர்க்கு விருந்து; ஆரவாரம் நாடிச் சீட்டு வாங்குவோர்க்கோ சலிப்பு. சீட்டும் விற்காத சண்டையில், பட்டம் வைத்திருப்பவரின் முகாமையாளர் தோல்வியை விலைக்கு வாங்க உடன்படுவாரோ? பேர்லி பிழைப்புக்காகத் தம் நகரிலேயே குப்பை அள்ளினார். 1992 இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபம் அவரை ஏற்றது. அவர் மறைந்ததும் அவ்வாண்டே.