ஆளில்லா வீட்டின் உஷ்ணம்

வீட்டைப் பூட்டித் திறப்பை அயலாரிடம் ஒப்படைத்துவிட்டுப் பிரயாணம் புறப்படுவது நம்மூர் வழக்கம். அவர்கள் இடையிடையே வந்து யன்னல்களைத் திறந்துவிடுவார்கள். ஆளில்லாத வீட்டுக்கு அதுவே காவல். ஐக்கிய அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரிற் குடியேறிய பின்னரே வேறொரு பாடத்தை யான் கற்க நேர்ந்தது.

மெக்சிக்கோ வளைகுடாவை அண்டிய அந்நகரிலே யூலை மாத நண்பகலில் வெப்பம் 95 பாகை பரனைற்றை, அதாவது 35 பாகை செல்சியசை எட்டும். கடற்காற்றின் ஈரமும் உடன் வரும். வீடுகளோ யன்னல்களை அடைத்து, குளிரூட்டியை நம்பிக் கட்டப்பட்டவை. அக்குளிரூட்டியை ஆள்வது சுவரிலுள்ள வெப்பநிலைநிறுத்தி என்னும் சிறு கருவி. வகுப்பறைகளின் வெப்பத்தைச் சீராக்க விரும்பிய விஸ்கொன்சின் ஆசிரியர் வாரன் ஜோன்சன், மின்சாரத்தால் இயங்கும் இத்தகைய கருவிக்கு 1883 இல் உரிமை பெற்றார்.

சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறையில் மூன்று வாரம் ரொறன்ரோவிலுள்ள தமக்கை வீட்டுக்குப் புறப்பட்டோம். ஆளில்லா வீட்டுக்குக் குளிர் எதற்கென்று எண்ணிக் கருவியை அணைத்தேன்.

“இஞ்சாருங்கோ, ஒரேயடியாய் நிப்பாட்ட வேண்டாம். மாமாவின்ரை கொப்பியள் கிடக்குது” என்றாள் மனைவி.

“காசு மரத்திலையே காய்க்குது?” என்று கூறி அவள் வாயை அடைத்தேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது ஈரமணம் முகத்தில் அறைந்தது. அலுமாரியைத் திறந்தேன். கிணறு வெட்டிய செலவு முதல் நான் பிறந்த நாழிகை வரை என் தந்தையார் தம் கைப்பட எழுதிவைத்த ஐந்து கொப்பிகளிலும் பூஞ்சணம் படர்ந்திருந்தது. இரண்டின் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, மையும் கரைந்துபோயிருந்தன.

என் கணக்குத் தவறா? பணக் கணக்கு தவறன்று. அணைத்த வீட்டை மீண்டும் குளிர்விப்பதே பெருஞ்செலவு என்று பலர் கூறுவர், அது உண்மையன்று. உள்ளும் புறமும் வெப்பம் நெருங்க நெருங்க, உள்ளே புகும் வெப்பமும் குறையும். ஆகவே அணைத்திருக்குங் காலமெல்லாம் மிச்சமே. ஆனால் குளிரூட்டி வெப்பத்தை மட்டும் அகற்றுவதில்லை. அதன் குளிர்ந்த குழாய்களிலே காற்றின் ஈரம் நீராகப் படிந்து வெளியே வடிகிறது. கருவி நின்றால் அவ்வேலையும் நின்றுவிடும். வீட்டுக் காற்றின் ஈரப்பதன் 60 வீதத்துக்குக் கீழே இருத்தல் வேண்டுமென அந்நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அறிவுறுத்துவது இக்காரணம் பற்றியே.

இப்போது நாங்கள் வீட்டிலிருக்கையில் 78 பாகை பரனைற்றில் நிற்கும் கருவியை, வெளியூர் செல்கையில் 85 பாகைக்கு உயர்த்திவிட்டுப் போகிறோம். காற்றாடி ஓயாது சுழலாமல், குளிரூட்டி இயங்கும்போது மட்டும் சுழலுமாறு வைக்கிறோம். இல்லையேல் குழாயிற் படிந்த நீர் மீண்டும் காற்றோடு கலந்துவிடும். திறப்பொன்றை அயல் வீட்டாரிடமும் கொடுக்கிறோம். இடையே பொறி பழுதுபட்டால் அறிய வேண்டுமன்றோ?

மின்கட்டணம் சிறிது கூடத்தான் செய்கிறது. அதைச் செலுத்தும்போதெல்லாம் அந்த இரண்டு கொப்பிகளே நினைவுக்கு வருகின்றன. நான் பிறந்த நாழிகை எழுதியிருந்த ஏடு அவற்றுள் ஒன்றில் இருந்தது. அதை இனிக் கேட்டறிவதற்கு என் பெற்றோர் இருவரும் இல்லை.