கொழும்பின் முதல் ஸ்டேஷனைத் தெரியுமா?

வெள்ளவத்தையில் கோச்சி ஏறினால் நாம் கோட்டையில் இறங்கிவிடுகிறோம். இன்னும் ஒரு ஸ்டேஷன் தள்ளி மருதானை வரை போய்ப் பாருங்களேன்! ஒல்கொட் மாவத்தையில், ரயில்வே வளவுக்குள் நிற்கிறது கொழும்பு டேர்மினஸ். கோட்டை நிலையமே 1917இல்தான் வந்தது. 1865இல் கொழும்பின் புகையிரத நிலையம் என்றால் இதுதான்!

1906 வரை பயணிகளைக் கண்ட அந்தக் கட்டடம், பிறகு 2009இல் ரயில்வே நூதனசாலையாகக் கதவு திறந்தது. 2014 டிசம்பர் 27 அன்று நூதனசாலை கண்டிப் பாதையிலுள்ள கடுகண்ணாவைக்குக் குடிபெயர்ந்தது. திகதியைக் கவனித்தீர்களா? அதற்கு 150 வருடங்களுக்கு முன் அதே நாளில்தான் இலங்கையின் முதல் ரயில் அம்பேபுஸ்ஸைக்குப் போனது, 54 கிலோமீற்றர்! அதில் வந்த பெருமகன் பெல்ஜியத்தின் இளவரசர். பின்னாளில் கொங்கோவை வதைத்த அதே இரண்டாம் லியோபோல்ட்.

கடுகண்ணாவையில் என் மனதைக் கொள்ளைகொண்டது எஞ்சின்கள் அல்ல, டெப்லட் கருவி! மலைப்பாதையில் இருப்பது ஒரே தண்டவாளம். எதிரெதிரே இரண்டு கோச்சி வந்தால்? 1874இல் இங்கிலாந்தின் தோர்ப்பில் அப்படித்தான் மோதிப் பலர் மாண்டார்கள். அப்படி மீண்டும் நடக்காமலிருக்க எட்வர்ட் டையர் கண்டுபிடித்த வழி இது. பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி, நடுவே மின்கம்பி. இரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் மணியடித்துப் பேசி இணங்கினால்தான் ஒரு வட்டத்தகடு வெளியே வரும். வந்ததும் இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு மறுபடி உள்ளே போகும்வரை இன்னொன்று வராது. கையில் தகடு இல்லாத சாரதிக்குப் பாதை இல்லை. எவ்வளவு அழகான மூளை!

இன்னும் கேளுங்கள்: இந்தக் கருவி மலைநாட்டுப் பாதையில் இன்னும் ஓய்வு பெறவில்லை. உள்ளே காட்சிப்பொருளாகப் பார்த்ததை வெளியே வேலை செய்யவும் பார்க்கலாம்! கோச்சி வரும் நேரத்தில் பிளாட்பாரத்துக்கு ஓடுங்கள். தகட்டுப் பை கட்டிய பெரிய வளையத்தைச் சாரதியும் ஸ்டேஷன்காரரும் கை மாற்றுவதைக் கண் இமைக்காமல் பாருங்கள்.

கொழும்பிலிருந்து கடுகண்ணாவைக்குப் போகும்போது வலப்பக்க யன்னலைப் பிடியுங்கள், ரம்புக்கனைக்கு மேல் பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். எல்லாக் கண்டிக் கோச்சியும் கடுகண்ணாவையில் நிற்காது. கோட்டையில் கேட்டுவிட்டே ஏறுங்கள்.