கைமணிக்கூடு எதை அளக்கிறது?

இப்போதைய கைமணிக்கூடு நேரம் காட்டுவதோடு நிற்பதில்லை. நாடி எத்தனை, எவ்வளவு நேரம் தூங்கினோம், மனம் பதற்றமாக இருக்கிறதா என்றெல்லாம் சொல்லுது. இதில் எது அளவு, எது ஊகம்?

மணிக்கூட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பச்சை வெளிச்சம் மினுங்கும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும் தன்மையுடையது. ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கடியில் இரத்தம் கூடும். திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைக்கிறது. இன்னொரு சிறு உணரி கையின் அசைவைப் பதிகிறது. அனேகமான மணிக்கூடுகள் உண்மையில் அளப்பது பெரும்பாலும் இவ்விரண்டையும்தான். தூக்கமும் மன அழுத்தமும் இவற்றை வைத்துப் போட்ட கணக்கு. நித்திரை வராமல் அசையாது படுத்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவரையும் அது தூங்கியவர் கணக்கில் சேர்த்துவிடக்கூடும்.

அதற்காக இதைச் சும்மா விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கவும் முடியாது. அப்பிள் மணிக்கூட்டை வைத்து அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. அதில் 4 இலட்சத்து 19 ஆயிரத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். 'துடிப்பு சீராக இல்லை' என்ற எச்சரிக்கை 2,161 பேருக்கு மட்டுமே போனது. நெஞ்சில் ஈ.சி.ஜி. பட்டை ஒட்டிப் பரிசோதிக்கப்பட்ட 450 பேரில் 34 வீதமானோருக்கு, இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது உறுதியானது. பாரிசவாதத்துக்கு வழிவிடும் நோய் அது. மற்றவர்களுக்கு நோயே இல்லை என்றும் முடிவுகட்ட ஏலாது. வந்து வந்து போகும் நோயாகவும் அது இருக்கும்.

நம்மைப் போன்றோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று: தோலின் நிறம். கொவிட் காலத்தில் விரலில் மாட்டினோமே, ஒட்சிசன் பார்க்கும் கருவி, அது சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் கொண்டு இயங்குவது. சில மணிக்கூடுகளிலும் இதே வேலை நடக்கிறது. தோலுக்குக் கருமை தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். 2020இல் அமெரிக்காவின் மிச்சிகன் வைத்தியர்கள், விரல் கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் இரத்தத்தை நேரடியாகச் சோதித்த முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 வீதம்; கறுப்பினத்தவரில் 11.7 வீதம். ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஆகவே மூச்சு முட்டுகிற ஒரு மாநிற மனிதரிடம், "95 காட்டுது, பயப்படாதீங்க" என்று சொல்லி வைத்தியசாலைப் பயணத்தைத் தள்ளிப்போட அந்த இலக்கம் போதாது.