நாற்சந்தியில் ஒரு குரல்

நுழையும்முன்

பாடல் ஒன்று; கேட்போர் பலர். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஒருவர் பாடிய பாடலில் சிலர் சாத்தானைக் கண்டனர். சிலர் வீடுபோய்ச் சேர வழியின்றித் தவிக்கும் மனிதனைக் கண்டனர். இவற்றுள் எப்பொருள் பாடலின் சொற்களுக்கு நெருக்கமானது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

பாடலும் பாடகரும்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைமுறை ஒழிந்த பின்னரும் கறுப்பின மக்களின் துயர் ஓயவில்லை. பருத்தி வயல்களில் உழைத்த அம்மக்களின் ஏக்கமும் எள்ளலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'புளூஸ்' என்னும் இசைவடிவமாக உருப்பெற்றன. முதலடியை இருமுறை பாடி, மூன்றாம் அடியால் அதனை நிறைவு செய்வது இதன் பொதுவான அமைப்பு.

மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த ராபர்ட் ஜான்சன், 1936 நவம்பர் 27 அன்று சான் அன்டோனியோ நகரில் 'கிராஸ் ரோட் புளூஸ்' என்னும் பாடலை ஒலிப்பதிவு செய்தார். நாற்சந்தியில் ஒருவன் மண்டியிட்டு இறைவனிடம் இரக்கம் வேண்டுகிறான். வழிச்செல்லும் வண்டிகளை நிறுத்த முயல்கிறான். அவனை அறிந்தவர் எவருமில்லை. பொழுது சாய்கிறது. தன் நிலையை நண்பன் வில்லி பிரவுனிடம் உரைக்குமாறு வேண்டுகிறான்.

கதை தந்த பொருள்

ஜான்சன் தம் ஆன்மாவைச் சாத்தானிடம் விற்று இசைத்திறன் பெற்றார். அதனையே இப்பாடல் கூறுகிறது என்பர் ஒரு சாரார். தொடக்கத்தில் கிதாரை நன்கு வாசிக்க அறியாத அவர், சிலகாலம் ஊரைவிட்டுச் சென்று தேர்ந்த கலைஞராகத் திரும்பியதை மூத்த கலைஞர் சன் ஹவுஸ் வியந்து கூறியுள்ளார். டாமி ஜான்சன் என்னும் வேறொரு பாடகரைப் பற்றிய நாற்சந்திக் கதையும் இவருடன் இணைந்துகொண்டது. நாற்சந்தியில் ஆவிகளைச் சந்திக்கலாம் என்னும் நாட்டார் நம்பிக்கையும், சாத்தானைப் பெயர்சுட்டி ஜான்சன் பாடிய மற்றொரு பாடலும் இக்கருத்துக்கு வலுச்சேர்த்தன.

சொல் தரும் பொருள்

எனினும், இப்பாடலில் சாத்தான் என்னும் சொல்லே இல்லை, அழைக்கப்படுபவர் இறைவன். கிடைத்துள்ள இரு பதிவுகளுள் ஒன்றில், இருள் தன்னைப் பற்றிக்கொள்ளுமே என அவன் அஞ்சுகிறான். இனப் பாகுபாட்டுச் சட்டங்கள் நிலவிய அக்காலத்தில், அந்திக்குப்பின் அறிமுகமற்ற ஊரில் தனித்து நிற்கும் கறுப்பின மனிதன் கைது செய்யப்படலாம், தாக்கப்படலாம், கொல்லவும்படலாம். ஆகவே, சாயும் கதிரவன் வெறும் இயற்கை வருணனை அன்று. உயிரச்சத்தின் அடையாளம் என்பர் மறுசாரார்.

கேட்டலின் பொறுப்பு

சாத்தான் கதை சுவையானதே. ஆனால், ஐக் ஜிம்மர்மன் என்னும் கலைஞரிடம் ஜான்சன் பயின்ற உழைப்பை அது மறைத்துவிடுகிறது. ஒரு சமூகம் அன்றாடம் சுமந்த அச்சத்தையும் மறைத்துவிடுகிறது. பாடலுக்குப் பல பொருள்கள் அமையலாம். ஆயினும், சொல்லில் உள்ளது எது, நாம் சேர்த்தது எது எனப் பிரித்தறிதல் வேண்டும். அப்போதுதான் நாற்சந்தியில் நின்றவனின் குரல் நம் செவியை எட்டும்.

தெரியுமா?

ராபர்ட் ஜான்சன் 1938இல் மறைந்தார். அவர் ஒலிப்பதிவு செய்த பாடல்கள் 29 மட்டுமே. 1968இல் 'கிரீம்' இசைக்குழு நாற்சந்திப் பாடலை விரைந்த நடையில் பாடி உலகறியச் செய்தது.